ஒருவர் போன பிறகு வந்த ஆல்பங்கள்: 2024, 2025 இண்டி ராக் பற்றி

#1 பின்னிரவு வானொலி

ஆலன் ஸ்பார்ஹாக்கின் ‘வொயிட் ரோசஸ், மை காட்’ 2024 செப்டம்பரில் வந்தது. வந்த அன்றே போட்டேன், மூன்றாவது பாட்டில் நிறுத்திவிட்டேன். லோ குழுவின் பாடல்களோடு பல வருடம் வாழ்ந்தவன் நான். அந்தக் குழுவில் ஸ்பார்ஹாக் பாடுவார், அவர் மனைவி மிமி பார்க்கர் கூடவே சேர்ந்து பாடுவார். இரண்டு குரலும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கும். 1993இல் மினசோட்டாவின் டுலூத் ஊரில் தொடங்கி 2021இல் வந்த ‘ஹே வாட்’ வரை பதின்மூன்று ஆல்பங்கள். 2022 நவம்பரில் மிமி புற்றுநோயால் இறந்தார். லோ அதோடு முடிந்தது.

அதற்குப் பிறகு அவர் தனியாக வெளியிட்ட இந்த ஆல்பத்தில் அவருடைய குரலையே காணோம். கருவிக்குள் போய், சுருதி திரிந்து, ஆணா பெண்ணா என்றே சொல்ல முடியாத ஒரு குரலாக வெளியே வருகிறது. கிடார் இருக்க வேண்டிய இடத்தில் டிரம் மெஷினும் சிந்தசைசரும். எனக்குக் கோபம்கூட வந்தது.

ஒரு மாதம் கழித்து, இரவுப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து மறுபடி கேட்டேன். அப்போதுதான் உறைத்தது. கிட்டத்தட்ட முப்பது வருடம் இன்னொரு குரலின் பக்கத்தில் நின்று பாடிய மனிதர் இவர். பக்கத்தில் அந்தக் குரல் இல்லாதபோது தன் குரலை மட்டும் தனியாகக் கொண்டுவந்து வைக்க அவருக்கு மனம் வரவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. அன்றிலிருந்து அந்த ஆல்பத்தை என்னால் விட முடியவில்லை.

அப்புறம் கவனித்தால், இந்த இரண்டு வருடத்தில் எனக்குப் பிடித்தவற்றில் பாதி இப்படித்தான் இருக்கின்றன. ‘பிளாக் கன்ட்ரி, நியூ ரோட்’ என்ற குழுவில் முன்னணிப் பாடகர் ஐசக் வுட் விலகியது 2022 ஜனவரி 31 அன்று. ‘ஆன்ட்ஸ் ஃப்ரம் அப் தேர்’ வெளிவர நான்கே நாள் பாக்கி. மீதி ஆறு பேரும் வேறு பாடகரைத் தேடவில்லை. அவர் பாடிய பாடல்களை மேடையில் வாசிப்பதையும் நிறுத்திவிட்டார்கள். புதிதாக எழுதி, லண்டனின் புஷ் ஹாலில் வாசித்து அதை 2023இல் நேரடி ஆல்பமாக்கி, பிறகு 2025 ஏப்ரலில் ‘ஃபாரெவர் ஹவ்லாங்’ கொடுத்தார்கள். பிக் தீஃப் குழுவிலிருந்து 2024இல் பேஸ் கிடார் வாசித்த மேக்ஸ் ஓலியார்ச்சிக் விலகினார். நான்கு பேர் ஒரே அறையில் வாசித்துப் பழகிய குழு அது. மூவரான பிறகு, 2025 செப்டம்பரில் வந்த ‘டபுள் இன்ஃபினிட்டி’க்காக நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டுடியோவில் ஒரு பெரிய கூட்டத்தையே கூட்டி வாசித்தார்கள். ஸிதர் என்ற தந்திக் கருவி வாசிக்கும் லராஜி அதில் பாடவும் செய்கிறார்.

என் கருத்து இதுதான்: போனவருடைய இடத்தில் அவரைப் போல இன்னொருவரை உட்கார வைக்காத குழுக்களிடமிருந்துதான் இந்த இரண்டு வருடத்தின் நல்ல ஆல்பங்கள் வந்திருக்கின்றன. ஏற்காதவர்கள் எழுதுங்கள். குறிப்பாக ஏற்காதவர்கள்.

#2 தாளக்கட்டு

நான் ஏற்கவில்லை. ஆனால் லோ பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் டிரம்ஸ் வாசிப்பவன்.

மிமி பார்க்கர் நின்றுகொண்டுதான் வாசிப்பார். முன்னால் இரண்டு டிரம், ஒரு சிம்பல், அவ்வளவுதான். பெரும்பாலும் குச்சிக்குப் பதில் பிரஷ். காலால் வாசிக்க எதுவும் கிடையாது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் அவர் எவ்வளவு நேரம் விடுகிறார் என்பதில்தான் லோவின் பாடலே இருக்கிறது. ஸ்டீவ் ஆல்பினி பதிவு செய்த ‘திங்ஸ் வீ லாஸ்ட் இன் தி ஃபயர்’ (2001) கேட்டுப் பாருங்கள், அந்த அறையின் காற்றே கேட்கும். அதனால் ‘வொயிட் ரோசஸ்’ ஆல்பத்தில் டிரம் மெஷின் ஓடுவது எனக்குக் குரலைவிடப் பெரிய விஷயம். மிமியின் கைக்கு மாற்றாக இன்னொரு மனிதக் கையை அவர் வைக்கவில்லை. உங்கள் வாதத்துக்கு இது சாதகம்தான், எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மறுப்பு. ஆல்பினியையே எடுத்துக்கொள்வோம். 2024 மே 7 அன்று மாரடைப்பில் இறந்தார், வயது 61. பத்தே நாளில், மே 17 அன்று, அவருடைய ஷெல்லாக் குழுவின் ‘டு ஆல் ட்ரெய்ன்ஸ்’ வந்தது. பத்துப் பாட்டு, அரை மணி நேரம்கூட இல்லை. கடைசிப் பாட்டின் தலைப்பே நரகத்துக்குப் பயமில்லை என்கிறது. அன்று இணையம் முழுக்க அதை அவருடைய விடைபெறும் பாடலாகக் கேட்டார்கள். நானும் அழுதேன். ஆனால் அந்த ஆல்பம் 2017க்கும் 2022க்கும் நடுவில், மூன்று பேருக்கும் ஒழிந்த வார இறுதிகளில், சிகாகோவில் அவருடைய எலக்ட்ரிகல் ஆடியோ ஸ்டுடியோவில் பதிவானது. தேதி குறிக்கப்பட்டு வெளிவரத் தயாராக இருந்தது. அதில் சாவு இல்லை. மூன்று நண்பர்கள் சந்தோஷமாக, கறாராக வாசிக்கிறார்கள். சாவை நாம் கொண்டுபோய் உள்ளே வைத்தோம்.

பாட்டு அப்படியேதான் இருந்தது, நம் காதுதான் மாறியது. அப்படியிருக்க ‘நல்ல ஆல்பம்’ என்ற தீர்ப்பை எந்தக் காதை நம்பிக் கொடுக்கிறோம்? ‘வொயிட் ரோசஸ்’ ஆல்பத்தை ஒரு பதினெட்டு வயதுப் பையனிடம் எந்தக் கதையும் சொல்லாமல் கொடுங்கள். அவனுக்கு அது என்ன தரும்?

#3 கடலோரம்

பல்ப் குழுவின் ‘மோர்’ பற்றி யாரும் சொல்லவில்லையே. 2025 ஜூன். 2001க்குப் பிறகு அவர்களுடைய முதல் ஸ்டுடியோ ஆல்பம். பேஸ் கிடார் வாசித்த ஸ்டீவ் மேக்கி 2023 மார்ச்சில் இறந்தார், ஆல்பத்தை அவருக்குத்தான் சமர்ப்பணம் செய்திருக்கிறார்கள். ஆனால் கேட்டுப் பாருங்கள், பாதிக்கு மேல் ஆடத்தான் தோன்றும்! வயதான காதலும் தாமதமான சந்தோஷமும்தான் அதில் நிறைய. துக்கம் என்றால் மெதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை.

இன்னொன்று. தயாரிப்பாளர் ஜேம்ஸ் ஃபோர்ட். ‘ஃபாரெவர் ஹவ்லாங்’ ஆல்பத்துக்கும் அவர்தான். டெபேஷ் மோட் குழுவில் ஆண்டி ஃப்ளெச்சர் 2022 மேயில் இறந்த பிறகு மீதி இரண்டு பேரையும் வைத்து ‘மெமென்டோ மோரி’ பதிவு செய்ததும் அவர்தான். ஓர் ஆள் குறைந்த அறையில் எப்படி வேலை செய்வது என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

#4 பின்னிரவு வானொலி

கடலோரம், ஜேம்ஸ் ஃபோர்ட் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. தாளக்கட்டு சொன்னதற்குள் ‘மெமென்டோ மோரி’யும் வந்துவிடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். மரணத்தை நினைத்துக்கொள் என்று பொருள்படும் அந்தத் தலைப்பை அவர்கள் முடிவு செய்தபோது ஃப்ளெச்சர் உயிரோடுதான் இருந்தார்.

ஷெல்லாக் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. என் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டேன், அதை வேறு விதமாகக் கேட்க வேண்டும். ஆனால் பதினெட்டு வயதுப் பையன் கேள்விக்கு எனக்குப் பதில் உண்டு. கதை தெரியாமல் கேட்டால் அவனுக்கு அது பிடிக்காமல் போகலாம், எனக்கே முதலில் பிடிக்கவில்லை. ஆனால் இங்கே ஏதோ மறைக்கப்பட்டிருக்கிறது என்பது அவனுக்கும் தெரியும். அந்தக் குரல் ஒளிந்துகொள்வது பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஷெல்லாக்கில் அப்படி எதுவும் இல்லை, அங்கே நாம் வெளியிலிருந்து சேர்த்தோம். இந்த வித்தியாசத்தைத்தான் நான் முதல் பதிவில் சரியாகச் சொல்லாமல் விட்டேன்.

#5 மூன்றாம் தடம்

எனக்கு இந்த இழையின் தலைப்பிலேயே மனவருத்தம். இண்டி ராக் என்றாலே துக்கம், இழப்பு, மழை, கறுப்பு வெள்ளைப் படம் என்று ஆக்கிவிட்டோம். 2025இன் ஆகச் சிறந்த ஆல்பம் கீஸ் குழுவின் ‘கெட்டிங் கில்டு’. அதற்கு எந்தச் சோகக் கதையும் வேண்டாம். புரூக்ளினில் பள்ளி நாளிலேயே சேர்ந்த பிள்ளைகள். ஹிப் ஹாப் உலகத்தில் பெயர் எடுத்த தயாரிப்பாளர் கென்னி பீட்ஸோடு லாஸ் ஏஞ்சலிஸில் பத்து நாளில் பதிவு செய்தார்கள். முதல் பாட்டு ‘டிரினிடாட்’ ஆரம்பத்தில் தள்ளாடிக்கொண்டு வந்து திடீரென்று அலறுகிறது. நான் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, உடனே எடுத்து மாட்டி, மறுபடி முதலிலிருந்து போட்டேன். ‘டாக்ஸஸ்’ பாட்டில் பாதி தூரம் வெறும் தாளமும் கேமரன் வின்டரின் குரலும்தான். நடுவில் கிடார் நுழையும் இடம் இருக்கிறதே, பூட்டிய வீட்டில் எல்லா ஜன்னலும் ஒரே நேரத்தில் திறந்த மாதிரி இருக்கும். அந்த இடத்துக்காகவே நாளுக்கு நான்கு தடவை கேட்கிறேன்.

வின்டரின் குரல் சிலருக்குப் பிடிக்காது என்று தெரியும். சுருதியைத் தொட்டும் தொடாமலும் வழுக்கிக்கொண்டு போகும். அவர் 2024 டிசம்பரில் தனியாக வெளியிட்ட ‘ஹெவி மெட்டல்’ ஆல்பத்தில் பியானோவோடு அந்தக் குரல் பழகட்டும், பிறகு இதற்கு வாருங்கள்.

#6 கடலோரம்

மூன்றாம் தடம், ஒரு தகவல் மட்டும்: கீஸ் குழுவிலும் ஒருவர் போயிருக்கிறார். இரண்டு கிடார்காரர்களில் ஃபாஸ்டர் ஹட்சன் படிப்பைத் தொடர்வதற்காக 2023 கடைசியில் விலகினார். ‘3டி கன்ட்ரி’ (2023) கேட்டுவிட்டு இதைக் கேட்டால் எவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறது என்று தெரியும். ‘டாக்ஸஸ்’ பாட்டில் கிடார் வர அத்தனை நேரம் ஆகிறது என்றால், அந்தக் காத்திருப்புக்கு இடம் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இது துக்கம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

#7 தாளக்கட்டு

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். குறைந்த ஆளை வைத்து அதிகம் வாசித்த குழுவும் உண்டு. பிக் தீஃப் ஓர் ஆள் போனதும் கூட்டத்தைத்தானே கூட்டியது? எனக்கு ‘டபுள் இன்ஃபினிட்டி’யில் அதுதான் குறை. ஒன்பது பாட்டு. எல்லாமே அழகான மினுமினுப்புக்குள் ஓடுகின்றன. ஆனால் 2022இன் இரட்டை ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டிலும் நான்கு மனிதர்களின் கை தனித்தனியாகக் கேட்கும். அந்தக் கை இங்கே கரைந்துவிட்டது. பாடகி ஏட்ரியன் லெங்கர் எழுதிய வரிகள் மட்டும் அப்படியே நெஞ்சில் வந்து உட்காருகின்றன, அதில் மாற்றமே இல்லை.

#8 நெய்தல்

இதுவரை எழுதிய எல்லோரும் பிளாக் கன்ட்ரி, நியூ ரோடைத் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, நீளமாகத்தான் வரும்.

‘ஃபாரெவர் ஹவ்லாங்’ வந்த நாளிலிருந்து நான் படிக்கும் விமர்சனம் எல்லாமே ஐசக் வுட்டில் தொடங்கி ஐசக் வுட்டில் முடிகின்றன. ‘ஆன்ட்ஸ்’ எனக்கும் உயிர்தான். ‘பாஸ்கெட்பால் ஷூஸ்’ பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடும், ஒருநாளும் பாதியில் நிறுத்தியதில்லை. ஆனால் இந்த ஆல்பத்தில் டைலர் ஹைட், ஜார்ஜியா எல்லரி, மே கெர்ஷா என்று மூன்று பெண்கள் எழுதிப் பாடியிருக்கிறார்கள். மூவருக்கும் மூன்று விதமான எழுத்து. எல்லரியின் ‘டூ ஹார்ஸஸ்’ நாட்டுப்பாட்டு மாதிரி தொடங்கி கடைசியில் ரத்தத்தில் முடிகிறது. கெர்ஷாவின் ‘ஃபார் தி கோல்ட் கன்ட்ரி’யில் ஒரு வீரன் தன் கவசத்தைக் கழற்றி வைக்கிறான். ஹைட்டின் ‘நான்சி டிரைஸ் டு டேக் தி நைட்’ கேட்கும்போது எனக்கு மூச்சு அடைத்தது. ‘மேரி’ என்ற பாட்டில் மூவரும் சேர்ந்து, பள்ளியில் ஒதுக்கப்படும் ஒரு பெண்ணைப் பற்றிப் பாடுகிறார்கள். பெரிய வாத்தியம் எதுவும் கிடையாது. மூன்று குரல் அவளைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

தலைப்புப் பாடலில் கெர்ஷா பாட, மற்றவர்கள் ரெக்கார்டர் ஊதுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் பழகுகிற குழல் அது. அதை இந்த ஆல்பத்துக்காக எல்லோரும் சேர்ந்து கற்றுக்கொண்டார்கள். நன்றாக வாசிக்கத் தெரிந்த வயலினையும் சாக்ஸபோனையும் வைத்துவிட்டு, தெரியாத ஒன்றை ஒன்றாக உட்கார்ந்து பழகியிருக்கிறார்கள். ஒருவர் இல்லாமல் போன ஒரு கூட்டம் மறுபடி ஒன்றாக ஆகும் வழியை இதைவிட அழகாக நான் கேட்டதில்லை.

அதனால் பின்னிரவு அண்ணா, உங்கள் தலைப்பில் எனக்கு ஒரு குறை. ‘போன பிறகு’ என்று வைக்கும்போதே போனவர்தான் அளவுகோல் ஆகிவிடுகிறார். இருப்பவர்களை எப்போது பார்ப்பது? மூன்று பெண்கள் பாடியதை ‘பழைய பாடகர் இல்லாத ஆல்பம்’ என்று அழைப்பது எனக்கு வலிக்கிறது. நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் முதல் பதிவில் அந்த மூன்று பெயரும் இல்லை.

#9 மூன்றாம் தடம்

நெய்தல் அக்கா சொன்னதைப் படித்துவிட்டு இன்று காலை ‘மேரி’ கேட்டேன். என் வருத்தத்தையும் அவரே சொல்லிவிட்டார்.

வெட்னஸ்டே குழுவின் ‘பிளீட்ஸ்’ (2025 செப்டம்பர்) ஆல்பத்தை இங்கே வைத்துவிட்டுப் போகிறேன். பாடகி கார்லி ஹார்ட்ஸ்மனும் கிடார்காரர் எம்.ஜே. லெண்டர்மனும் காதலித்துப் பிரிந்தவர்கள். பிரிந்த பிறகுதான் ஆஷ்வில்லில் பதிவு நடந்தது. லெண்டர்மன் இனி இவர்களோடு ஊர் ஊராகப் போக மாட்டார், ஆனால் ஆல்பத்தில் வாசிக்கிறார். போனவர் அதே அறையில் கிடாரோடு உட்கார்ந்திருக்கிறார். இது எந்தக் கணக்கில் வரும்?

#10 உள்ளங்கை

பல மாதமாகப் படிக்க மட்டும் செய்கிறேன், இது என் முதல் பதிவு.

கிம் டீலின் ‘நோபடி லவ்ஸ் யூ மோர்’ பற்றி எழுத வேண்டும். பிக்ஸீஸ், பிரீடர்ஸ் என்ற குழுக்களில் 1980களிலிருந்து வாசித்தவர். தன் பெயரில் முதல் முழு ஆல்பத்தை 2024 நவம்பரில், 63 வயதில் வெளியிட்டார். ஒரு பகுதியை ஆல்பினி பதிவு செய்தார். ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் ஊரில் பெற்றோரோடு இருந்து அவர்களைப் பார்த்துக்கொண்டவர் கிம். அம்மாவுக்கு மறதி நோய். ஒருநாள் வீட்டுக்குள் எதிரே வந்த மகளைப் பார்த்து, நீ என்னுடையவளா என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். ‘ஆர் யூ மைன்?’ பாட்டு அதிலிருந்து வந்தது.

மேலோட்டமாகக் கேட்டால் அது பழைய காலத்துக் காதல் பாட்டு, மெதுவான கிடாரும் வயலின்களும். தாளக்கட்டு அண்ணா கேட்ட பையனுக்கு அது காதல் பாட்டாகவே இருக்கட்டும். தப்பே இல்லை. நானும் அப்படித்தான் இரண்டு வாரம் கேட்டேன். எங்கள் வீட்டில் அப்பா என்னைத் தன் தங்கையின் பெயர் சொல்லித்தான் இப்போது கூப்பிடுகிறார். பாட்டின் கதையை ஒரு நேர்காணலில் படித்த இரவு, அவருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வந்து அதே பாட்டைப் போட்டேன். அது அப்போதும் காதல் பாட்டாகத்தான் இருந்தது. அதனால்தான் தாங்க முடியவில்லை.

இவர்கள் கணக்கில் ‘போனவர்’ இன்னும் போகவில்லை. வீட்டிலேயே இருக்கிறார்.

#11 தாளக்கட்டு

உள்ளங்கை, உங்கள் அப்பாவையும் உங்களையும் நினைத்துக்கொண்டேன். நான் கேட்ட கேள்விக்கு இது பதில். பாட்டு கதை தெரியாமலும் நிற்கிறது, தெரிந்த பிறகும் நிற்கிறது. நான் இதைத்தான் தேடினேன். பிரஷ் எடுத்து அந்தப் பாட்டோடு ஒரு தடவை வாசித்துப் பார்க்கப் போகிறேன்.

#12 கடலோரம்

தி க்யூர் குழுவின் ‘சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்’ (2024 நவம்பர்) இல்லாமல் இந்த இழை முடியக் கூடாது. பதினாறு வருடம் கழித்து வந்தது, எட்டே பாட்டு. அண்ணன் ரிச்சர்டின் மரணத்தைப் பற்றிப் பாடகர் ராபர்ட் ஸ்மித் எழுதியதும் அதில் இருக்கிறது. ‘அலோன்’ பாட்டில் குரல் வரவே மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். தயவுசெய்து அந்த மூன்று நிமிடத்தைத் தாண்டிப் போகாதீர்கள். எனக்கு வார்த்தையைவிட அந்தக் காத்திருப்புதான் அதிகம் சொல்லியது.

#13 பின்னிரவு வானொலி

நெய்தல், நீங்கள் சொன்னது சரி. முதல் பதிவைத் திருத்தாமல் அப்படியே விடுகிறேன், ஏனென்றால் உங்கள் பதில் அதைப் பார்த்துத்தான் வந்தது. டைலர் ஹைட், ஜார்ஜியா எல்லரி, மே கெர்ஷா. நான் விட்ட பெயர்களை இங்கே எழுதிவிட்டேன். ‘நான்சி’ பாட்டை நேற்று இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். ஐசக் வுட் ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.

மூன்றாம் தடம், வெட்னஸ்டே எந்தக் கணக்கில் வரும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. என் கருத்தில் அதற்கு இடம் இல்லை என்றால் என் கருத்துதான் சின்னது.

உள்ளங்கை எழுதியதற்குப் பிறகு நான் திரும்பிப் போனது ஸ்பார்ஹாக்கிடம்தான். 2025 மே மாதம் அவருடைய அடுத்த ஆல்பம் வந்தது. டுலூத்திலேயே இருக்கிற டிராம்பிள்ட் பை டர்டில்ஸ் என்ற குழு, பல வருட நண்பர்கள், அவரோடு உட்கார்ந்து வாசித்தார்கள். பிடில், பேன்ஜோ, மாண்டலின், செல்லோ. ‘வொயிட் ரோசஸ்’ ஆல்பத்தில் கருவிக்குள் ஒளிந்திருந்த ‘கெட் ஸ்டில்’, ‘ஹெவன்’ இரண்டு பாட்டும் இதிலும் வருகின்றன. இந்தத் தடவை அவருடைய சொந்தக் குரல், கொஞ்சம் கரகரப்போடு. சொர்க்கத்தைப் பற்றிய அந்தச் சின்னப் பாட்டை இரண்டு ஆல்பத்திலும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், முதலில் 2024, பிறகு 2025.

அதே ஆல்பத்தில் ‘நாட் புரோக்கன்’ என்று ஒரு பாட்டு. பாதியில் அவரோடு ஒரு பெண் குரல் வந்து சேர்கிறது. முதல் தடவை கேட்டபோது என் கை தானாக நின்றுவிட்டது, மிமியோ என்று. மகள் ஹாலிஸ்.